கருவி சரியாகத்தான் அளந்தது... அப்புறம் எங்கே சறுக்கியது? பிரபஞ்சத்தின் முதல் கணத்தைத் தேடும் 'சூப்பர்கண்டக்டர்' சென்சார்களின் கதை!

2014 மார்ச் மாதம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் சாவ்-லின் குவோ, சக பேராசிரியர் ஆந்திரே லிண்டே வீட்டுக் கதவைத் தட்டுகிறார். கூடவே ஒரு கேமரா. கதவைத் திறந்த லிண்டேயிடமும், அவர் மனைவி ரெனாட்டா காலோஷிடமும் (அவரும் இயற்பியலாளர்தான்) குவோ சொன்னது ஓர் எண்: 0.2. அவ்வளவுதான். ரெனாட்டா அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் ஷாம்பெயின் திறக்கப்படுகிறது.

அந்த வீடியோவை யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பிரபஞ்சம் பிறந்த மறுகணமே கண்மூடித்தனமான வேகத்தில் ஊதிப் பெரிதானது என்ற 'இன்ஃப்ளேஷன்' கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் லிண்டே. 30 வருடங்களுக்கு மேலாகத் தாளில் இருந்த கணக்குக்கு வானத்திலிருந்து சாட்சி கிடைத்துவிட்டது என்றால் சும்மாவா? ஆனால், அதே வீடியோவில் லிண்டே இன்னொன்றும் சொல்கிறார். இது ஏதாவது ஏமாற்று வேலையாக இருந்துவிட்டால் என்ன செய்வது, அழகாக இருக்கிறது என்பதற்காகவே இதை நம்பிவிட்டோமோ என்ற பயம் தனக்கு எப்போதும் உண்டு என்று.

அடுத்த 11 மாதங்களுக்குள் அந்தப் பயம் பலித்தது. 0.2 காணாமல் போனது.

இந்தக் கதையைப் பலரும் 'விஞ்ஞானிகள் அவசரப்பட்டார்கள்' என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால், அளந்த கருவி துளியும் தவறு செய்யவில்லை. அது பதிவு செய்த சிக்னல் உண்மையானது. பிறகு வந்த கருவிகளும் அதையேதான் பார்த்தன. அப்புறம் எங்கே கோளாறு? அதைப் புரிந்துகொள்ள, தென் துருவத்தில் உறைய வைக்கப்பட்ட அந்தக் குட்டி சென்சார்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

எந்த வெளிச்சத்தைத் தேடுகிறார்கள்?

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது, அதுவரை கொதிக்கும் மூட்டமாக இருந்த பிரபஞ்சம் ஆறித் தெளிந்தது. அப்போது விடுபட்ட வெளிச்சம் இன்னும் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. பிரபஞ்சம் விரிந்ததில் அந்த வெளிச்சமும் நீண்டு, இப்போது மைக்ரோவேவ் அலைகளாக நம்மை வந்தடைகிறது. பெயர், காஸ்மிக் மைக்ரோவேவ் பின்னணிக் கதிர்வீச்சு. சுருக்கமாக சி.எம்.பி.

1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் ஆன்டெனாவில் இருந்து போகவே போகாத ஓர் இரைச்சலைக் கேட்டு, புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்த கதை பிரபலம். 1978-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்து ஆன்டெனா டிவியில் சேனல் வராதபோது திரையில் பறந்த புள்ளிகளில் ஒரு சிறு பங்கு இந்தக் கதிர்வீச்சுதான்!

இதன் வெப்பநிலை 2.725 கெல்வின். அதாவது, சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். எந்தத் திசையில் பார்த்தாலும் ஏறக்குறைய இதே அளவு. இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் இருப்பதை 1992-ல் 'கோபி' செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. இன்றைய கேலக்ஸிகளுக்கு எல்லாம் விதை அந்த ஏற்ற இறக்கம்தான்.

வெளிச்சத்துக்குள் ஒரு கோலம்

வெப்பநிலை தவிர அந்த வெளிச்சத்தில் இன்னொரு தகவலும் இருக்கிறது: போலரைசேஷன். அதாவது, ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. உங்களிடம் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு இந்தப் போனை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பல போன்களில் ஒரு கோணம் வரும்போது திரை இருண்டுவிடும். திரையில் இருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வதால் வரும் வித்தை இது.

சி.எம்.பி-யும் லேசாக, மிக லேசாக, இப்படித் திசைப்பட்டிருக்கிறது. 2002-ல் தென் துருவத்தில் இருந்த 'டாசி' தொலைநோக்கி இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தது. வானம் முழுக்க இந்தத் திசைகளைச் சின்னச் சின்னக் கோடுகளாக வரைந்தால், இரண்டு வகைக் கோலங்கள் கிடைக்கும்.

வாசலில் போடும் சில கோலங்களைக் கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியேதான் தெரியும். ஆனால், காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகச் சுழலும் கோலம், கண்ணாடியில் எதிர்ப் பக்கமாகச் சுழலும். முதல் வகைக்கு 'இ-மோடு', இரண்டாம் வகைக்கு 'பி-மோடு' என்று பெயர். இ-மோடு, பிரபஞ்சத்தில் பொருள் அங்கங்கே கூடிக் குறைந்து இருந்ததாலேயே வந்துவிடும். ஆதிகாலத்தில் சுழல் கோலம் போட அது போதாது. அதற்கு ஈர்ப்பு அலைகள் வேண்டும். இன்ஃப்ளேஷன் நடந்திருந்தால், அப்படிப்பட்ட ஈர்ப்பு அலைகள் பிறந்திருக்க வேண்டும். ஆக, பி-மோடு கிடைத்தால் பிரபஞ்சத்தின் முதல் கணத்துக்கே நேரடித் தடயம் கிடைத்த மாதிரி.

குவோ சொன்ன 0.2-க்கு அர்த்தம் இதுதான். இளம் பிரபஞ்சத்தில் பொருள் கூடிக் குறைந்ததால் வந்த அலைகளோடு ஒப்பிட்டால், ஈர்ப்பு அலைகள் எவ்வளவு வலுவாக இருந்தன என்ற விகிதம் அது. இயற்பியலாளர்கள் அதை 'ஆர்' என்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளவு? ஒரு டிகிரியைக் கோடி கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கும் குறைவான வித்தியாசத்தைத்தான் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு தெர்மாமீட்டரை எங்கே போய் வாங்குவது?

ஹோட்டல் ரூம் குழாய் போல ஓர் உலோகம்

1911-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஹைகே காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். 4.2 கெல்வின் வந்ததும் அதன் மின்தடை படாரென்று பூஜ்ஜியமானது. சூப்பர்கண்டக்டர் எனும் மீகடத்தி கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான்.

'மின்தடையே இல்லை' என்பதைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். சென்சார் செய்பவர்களுக்குப் பிடித்தது அது அல்ல. அந்தப் 'படார்' என்ற இடம்.

சில ஹோட்டல் ரூம்களில் வெந்நீர்க் குழாய் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் ஐஸ் தண்ணீர். ஒரு நூல் இந்தப் பக்கம் நகர்த்தினால் தோல் வெந்துவிடும். நடுவில் நிறுத்துவதே பெரும்பாடு. குளிக்க மோசமான குழாய்தான். ஆனால், 'கை எவ்வளவு அசைந்தது' என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல குழாய் கிடையாது. ஒரு மயிரிழை அசைவுக்கே தண்ணீரின் சூடு தலைகீழாக மாறிவிடுமே!

மீகடத்தியும் அப்படித்தான். டைட்டானியத்தை மெல்லிய படலமாக்கிக் குளிர்வித்தால், சுமார் 0.5 கெல்வினில் அது மீகடத்தியாக மாறும். அந்த மாற்றம் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. படலத்தை அந்த விளிம்பிலேயே, பாதி மீகடத்தி, பாதி சாதா உலோகமாக, நிறுத்தி வைத்துவிட்டால் போதும். நினைத்துப் பார்க்க முடியாத அளவு சின்னச் சூடு பட்டாலும் மின்தடை எகிறும். இதற்கு 'டிரான்சிஷன் எட்ஜ் சென்சார்' என்று பெயர். சுருக்கமாக டி.இ.எஸ்.

ஐடியா பழசு. 1940-களிலேயே அமெரிக்காவில் டொனால்ட் ஆண்ட்ரூஸ் இதைச் செய்து காட்டிவிட்டார். ஆனாலும், அரை நூற்றாண்டு வரை பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. காரணம், அதே ஹோட்டல் குழாய் பிரச்னை. அந்த விளிம்பில் நிறுத்தி வைக்க முடியவில்லை. ஒன்று இந்தப் பக்கம் விழும். இல்லையென்றால் அந்தப் பக்கம்.

பால் பொங்கும்போது தானே சிம்முக்குப் போகும் அடுப்பு

1990-களின் மத்தியில் கென்ட் இர்வின் இதற்கு வழி கண்டுபிடித்தார். டார்க் மேட்டர் எனும் கரும்பொருளைத் தேடும் கருவிகளுக்காக ஸ்டான்போர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவர் அவர். தீர்வு என்னவோ அத்தனை எளிமையானது: சென்சாருக்கு நிலையான மின்னோட்டம் கொடுப்பதற்குப் பதிலாக, நிலையான மின்னழுத்தம் கொடுத்தார்.

என்ன பெரிய வித்தியாசம்? மின்னழுத்தம் மாறாமல் இருக்கும்போது மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும். அதனால் உருவாகும் சூடும் குறையும். இப்போது வானத்திலிருந்து ஒரு துளி சூடு வந்து சென்சாரில் விழுகிறது என்று வையுங்கள். படலம் சூடாகிறது, மின்தடை கூடுகிறது. உடனே மின்சாரம் தரும் சூடு அதே அளவு குறைந்து, படலம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பால் பொங்கி வரும்போது யாரும் தொடாமலேயே அடுப்பு தானே சிம்முக்குப் போனால் எப்படி இருக்கும்? அதேதான். பாத்திரத்தைப் பார்க்கவே வேண்டாம். அடுப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாலே, வெளியில் இருந்து எவ்வளவு சூடு வந்தது என்று தெரிந்துவிடும்.

நிறுத்தவே முடியாமல் இருந்த குழாய், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் குழாயாக மாறியது. சி.எம்.பி ஆராய்ச்சியின் பாதையை மாற்றியது இந்த ஒரு திருப்பம்தான்.

மின்னோட்டத்தில் ஏற்படும் அந்த நுண்ணிய மாற்றத்தைப் படிக்க இன்னொரு மீகடத்திக் கருவி இருக்கிறது: 'ஸ்க்விட்'. மின்னோட்டம் உருவாக்கும் காந்தப்புலத்தை அளக்கும் கருவி. 1960-களில் போர்டு கார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. பல சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயர் ஜோடியில் படிக்க ஸ்க்விட் உதவுகிறது. சென்சாருக்கு ஒரு ஜோடி என்று வயர் இழுத்தால், அந்த வயர்கள் வழியாகவே வெளிச் சூடு உள்ளே வந்து மொத்தக் குளிரையும் கெடுத்துவிடும் இல்லையா?

விரல் நகம் அளவில் ஒரு தொலைநோக்கி

குவோ சொன்ன எண்ணை அளந்த கருவியின் பெயர் பைசெப்-2. தென் துருவத்தில் உள்ள அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்துக்கு அருகே, 2010 முதல் 2012 வரை வானத்தைப் பார்த்தது. லென்ஸின் விட்டம் வெறும் 26 சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் வீட்டு தோசைக்கல். தேடும் கோலங்கள் வானத்தில் நிலாவைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் பெரிய தொலைநோக்கி தேவைப்படவில்லை.

உள்ளே 512 சென்சார்கள். எல்லாம் நாசாவின் ஜே.பி.எல் ஆய்வகத்தில், கம்ப்யூட்டர் சிப் தயாரிப்பது போலவே சிலிக்கான் தகடுகளில் அச்சிடப்பட்டவை. ஒவ்வொரு பிக்சலும் விரல் நகம் அளவுதான். அதற்குள் இருப்பதைப் பாருங்கள். செங்குத்தாக அதிரும் அலைகளைப் பிடிக்க ஒரு குட்டி ஆன்டெனா, கிடைமட்டமாக அதிர்வதைப் பிடிக்க இன்னொன்று. பிடித்த அலை நியோபியம் மீகடத்திப் பாதை வழியாக ஓடும். வழியில் ஒரு ஃபில்டர் 150 கிகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள அலைகளை மட்டும் அனுமதிக்கும். கடைசியில் அலை ஒரு குட்டித் தீவுக்குப் போய்ச் சேரும். மெல்லிய கால்களில் தொங்கும் அந்தத் தீவில் ஒரு தங்கக் கம்பி அலையைச் சூடாக மாற்றும். பக்கத்திலேயே இருக்கும் டைட்டானியம் படலம் அந்தச் சூட்டை உணரும்.

அதே தீவில் அலுமினியப் படலம் ஒன்றும் உண்டு. ஆய்வகத்தில் சோதிக்கும்போது அறையின் சாதாரண வெப்பமே டைட்டானியத்தைத் திக்குமுக்காட வைத்துவிடும். அதனால், அதிக வெப்பநிலையில் வேலை செய்யும் அலுமினியம் ஸ்டெப்னி மாதிரி.

சென்சார் தகடுகள் இருந்த இடத்தின் வெப்பநிலை சுமார் 0.27 கெல்வின். விண்வெளி வெற்றிடத்தின் 2.7 கெல்வினோடு ஒப்பிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு! திரவ ஹீலியத்தாலும், ஹீலியம்-3 என்ற அரிய வகை ஹீலியத்தாலும் இது சாத்தியமானது.

செங்குத்துச் சென்சார் காட்டும் அளவில் இருந்து கிடைமட்டச் சென்சார் காட்டும் அளவைக் கழித்தால், இரண்டுக்கும் பொதுவானது எல்லாம் அடிபட்டுப் போகும். வளிமண்டலத்தின் சூடு இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால், அது போய்விடும். எஞ்சுவது போலரைசேஷன் மட்டும்.

அப்படியும் தென் துருவத்துக்கு ஏன் போக வேண்டும்? காற்றில் உள்ள நீராவி மைக்ரோவேவை விழுங்கும். மைக்ரோவேவ் ஓவனில் ரசம் சூடாவதை நினைத்துக்கொள்ளுங்கள். தென் துருவம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் காற்றில் ஈரமே இருக்காது. ஆறு மாதம் சூரியனும் வராது. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால், பிறகு அக்டோபர் கடைசி வரை வழக்கமான விமானம் கிடையாது. ஒரு ஸ்க்ரூ தொலைந்தாலும், அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கியிருக்கும் சில டஜன் பேர்தான் சமாளிக்க வேண்டும்.

ஏன் 512?

இந்த சென்சார்கள் ஏற்கெனவே அவற்றின் எல்லையைத் தொட்டுவிட்டன. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மழை ஒரே சீராகப் பெய்தாலும் துளிகள் சீராக விழாது. வானத்திலிருந்து வரும் ஒளித்துகள்களும் அப்படித்தான் முன்னும் பின்னுமாக வருகின்றன. அந்தச் சலசலப்புக்குக் கீழே எந்த சென்சாராலும் போக முடியாது. சென்சாரின் தரத்தை இன்னும் உயர்த்திப் பெரிய பயன் இல்லை. ஒரே வழி, எண்ணிக்கையைக் கூட்டுவது. நான்கு மடங்கு சென்சார் வைத்தால் இரைச்சல் பாதியாகும்.

முந்தைய பைசெப்-1 கருவியில் இருந்தவை 98 சென்சார்கள். டி.இ.எஸ்-ஐ சிப் போல அச்சிட முடிந்ததால்தான் அடுத்த கருவியில் ஒரேயடியாக 512. பிறகு வந்த கெக் அர்ரேயில் சுமார் 2,500. துல்லியம் என்பது இந்தத் துறையில் கிட்டத்தட்ட தலை எண்ணிக்கைதான்.

சூட்டுக்கு முகவரி கிடையாது

2014 மார்ச் 17. ஹார்வர்டில் செய்தியாளர் சந்திப்பு. ஜான் கோவாக் தலைமையிலான குழு, பி-மோடு கிடைத்துவிட்டதாக அறிவித்தது. ஆர் அளவு 0.2. உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தி. நோபல் பரிசு உறுதி என்று பேச்சு.

குழு அலட்சியமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கருவி ஏமாற்றுகிறதா என்று மூன்று வருடங்களுக்கு மேல் சோதித்திருந்தார்கள். தரவை எல்லா விதத்திலும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை இன்னொன்றில் இருந்து கழித்துப் பார்த்தார்கள். கருவியில் கோளாறு இருந்தால் கழித்தாலும் ஏதாவது மிஞ்சும். எதுவும் மிஞ்சவில்லை. சிக்னல் வானத்தில்தான் இருந்தது.

கேள்வி, வானத்தில் எங்கே?

இங்கேதான் டி.இ.எஸ்-இன் பலமே அதன் பலவீனமாகிறது. அது எதையும் சூடாக மாற்றித்தான் அளக்கும். சூடு ஆன பிறகு, அது 1,380 கோடி வருடங்களுக்கு முன்பிருந்து வந்ததா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்ததா என்று சென்சாருக்குத் தெரியாது. பிரபஞ்ச அளவில் நம் பால்வெளி கேலக்ஸி பக்கத்துத் தெருதான். அதில் மிதக்கும் நுண்ணிய தூசுத் துகள்கள் கேலக்ஸியின் காந்தப்புலத்தில் வரிசைகட்டி நின்று, திசைப்பட்ட மைக்ரோவேவ் அலைகளை வெளியிடுகின்றன. அதிலும் சுழல் கோலம் உண்டு.

தூசையும் சி.எம்.பி-யையும் பிரிக்க வழி இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட, சி.எம்.பி-யோடு ஒப்பிட்டால் தூசு பளிச்சென்று தெரியும். ஆக, இரண்டு மூன்று அதிர்வெண்களில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பைசெப்-2 பார்த்ததோ 150 கிகாஹெர்ட்ஸில் மட்டும். அந்த ஃபில்டர்தான் சிப்பிலேயே அச்சாகிவிட்டதே, மாற்ற முடியாது. துல்லியம் முழுவதையும் ஒரே நிறத்தில் குவித்ததால்தான் அவ்வளவு ஆழமாகப் பார்க்கவும் முடிந்தது. பழைய பைசெப்-1 வேறு அதிர்வெண்ணில் எடுத்த தரவு கையில் இருந்தது. ஆனால், சந்தேகத்தைத் தீர்க்க அதன் வலு போதவில்லை.

வானத்தில் அவர்கள் தேர்ந்தெடுத்த பகுதி, தூசு குறைவு என்று அப்போது நம்பப்பட்ட பகுதி. எவ்வளவு குறைவு? அதைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய தரவு ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோளிடம் இருந்தது. ஆனால், அது இன்னும் வெளியாகவில்லை. இரு குழுக்களும் ஒருவகையில் போட்டியாளர்கள். எனவே பைசெப் குழு, பிளாங்க் விஞ்ஞானி ஒருவர் கருத்தரங்கில் காட்டிய ஸ்லைடில் இருந்து தூசு அளவை எடுத்துத் தங்கள் மதிப்பீடுகளில் ஒன்றுக்குப் பயன்படுத்தியது. ஒரு ஸ்லைடை நம்பியா என்று இப்போது கேட்பது சுலபம். நோபல் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எதிர் முகாமின் தரவுக்காக இன்னும் ஒரு வருடம் காத்திருப்பது அவ்வளவு சுலபமில்லை.

மே மாதமே மற்ற ஆராய்ச்சியாளர்கள் கேள்வி எழுப்பத் தொடங்கினர். ஜூனில் ஆய்வுக்கட்டுரை இதழில் வெளியானபோது அந்த ஸ்லைடு மதிப்பீடு நீக்கப்பட்டிருந்தது. தொனியிலும் தயக்கம் வந்திருந்தது. செப்டம்பரில் பிளாங்க் தன் தூசு அளவை வெளியிட்டது. பைசெப் பார்த்த பகுதியில், பைசெப் பார்த்த சிக்னல் அளவுக்கே தூசு இருக்கக்கூடும் என்றது அது. கடைசியில் இரு குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்தன. பிளாங்கின் 353 கிகாஹெர்ட்ஸ் தரவையும் பைசெப், கெக் தரவையும் சேர்த்து அலசினார்கள். 2015 ஜனவரி 30 அன்று முடிவு வெளியானது: ஆர் 0.12-ஐவிடக் குறைவு. அது பூஜ்ஜியமாகக்கூட இருக்கலாம்.

ஆதி ஈர்ப்பு அலைகள் இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். செய்திகளில் இந்த வித்தியாசம் அடிக்கடி தொலைந்துபோகிறது.

தூசை அளக்கும் சென்சார்கள்

அதன்பிறகு சென்சார் குழுக்களின் திட்டமே மாறியது. ஆதி சிக்னலைத் தேடும் அதே அக்கறையோடு தூசையும் அளக்க வேண்டும். அதனால் 95, 220 கிகாஹெர்ட்ஸ் என்று வேறு வேறு நிறங்களுக்கான டி.இ.எஸ் சிப்புகள் தென் துருவத்துக்குப் போயின. பைசெப்-3 கருவியில் மட்டும் சுமார் 2,500 சென்சார்கள், எல்லாம் 95 கிகாஹெர்ட்ஸில். 2018 வரை சேர்ந்த தரவை வைத்து 2021-ல் புது எல்லை வந்தது: ஆர் 0.036-ஐவிடக் குறைவு. ஆரம்பத்தில் அறிவித்த 0.2-இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று தோன்றும் இந்த எண் உண்மையில் பெரிய வேலை செய்திருக்கிறது. இன்ஃப்ளேஷன் எப்படி நடந்தது என்பதற்குப் பல மாடல்கள் உண்டு. அதில் பாடப்புத்தகங்களில் முதலில் வரும், லிண்டே 1983-ல் முன்வைத்த எளிய மாடலின் பிரபல வடிவம், ஆர் 0.1-க்கு மேல் இருக்கும் என்று கணிக்கிறது. 0.2 என்று கேட்டதும் அந்த வீட்டில் ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று இப்போது புரிகிறதா? இன்றைய எல்லைக்குப் பிறகு அந்த வடிவம் அடிபட்டுப்போனது.

மிச்சமிருக்கும் மாடல்களில் அதிகம் பேசப்படுவது ரஷ்ய இயற்பியலாளர் அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி 1980-ல் எழுதியது. அது சொல்லும் ஆர், சுமார் 0.003 முதல் 0.004 வரை. இப்போதைய எல்லையைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கீழே.

அங்கே போக மறுபடியும் தலை எண்ணிக்கைதான். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சைமன்ஸ் ஆய்வகத்தில் 60,000-க்கும் அதிகமான டி.இ.எஸ் சென்சார்கள். வெப்பநிலை 0.1 கெல்வின். 27 முதல் 280 கிகாஹெர்ட்ஸ் வரை ஆறு நிறங்கள். 2014-ன் பாடம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. சிறிய தொலைநோக்கிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. 6 மீட்டர் பெரிய தொலைநோக்கி 2025-ல் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. ஆனால் அதன் ஆரம்பகால இலக்கின்படி, ஆர் அளவில் எதிர்பார்க்கப்படும் பிழையே சுமார் 0.003. ஸ்டாரோபின்ஸ்கி சொன்ன எண் உண்மையாக இருந்தால், அதை லேசாக மோப்பம் பிடிக்கலாம். அடித்துச் சொல்ல முடியாது.

அடித்துச் சொல்லத் திட்டமிடப்பட்டது சி.எம்.பி-எஸ்4. தென் துருவம், சிலி இரண்டிலும் சேர்த்து சுமார் 5 லட்சம் சென்சார்கள். 0.001 வரை இறங்கிப் பார்ப்பது இலக்கு. 2024-ல் தென் துருவ நிலையத்தின் பழைய கட்டமைப்பைச் சரிசெய்வதே முதல் வேலை என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை கையை விரித்தது. 2025 மே மாதம் அந்த அமைப்பும் அமெரிக்க எரிசக்தித் துறையும் சேர்ந்து, திட்டத்துக்கான ஆதரவை முழுவதுமாக விலக்கிக்கொண்டன. தொழில்நுட்பத்தில் குறை என்று யாரும் சொல்லவில்லை. பணமும் இடமும்தான் இல்லை.

விண்வெளியில் இருந்தே பார்க்கும் 'லைட்பேர்டு' திட்டம் ஜப்பானிடம் இருக்கிறது. அதிலும் டி.இ.எஸ்தான், 15 நிறங்களில். அதன் தேதியோ தள்ளிக்கொண்டே போகிறது. இந்திய விஞ்ஞானிகளும் 'சி.எம்.பி-பாரத்' என்ற பெயரில் ஒரு செயற்கைக்கோள் யோசனையை இஸ்ரோவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவே சைமன்ஸ் ஆய்வகத்தின் மூன்று சிறிய தொலைநோக்கிகளோடு பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்து மேலும் மூன்றைத் தருகின்றன. எண்ணிக்கை கூடும். பிழை 0.003-ஐவிட இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும்.